ஜொகூரில் ஹீட்டர் எதற்கு?

ஏர்கோன் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பாஸ் கேட்டார். "என் சாதனைகளை எழுதவா?" என்றேன். "அது அரைப் பக்கம்கூட வராது, தப்புகளை எழுதுங்கள்" என்றார். நிறைய இருக்கின்றன. தாள் விற்கும் விலைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பெட்ரோல் கார்களுக்கு ஏர்கோன் பார்த்தவன் நான். என்ஜின் ஓடினால் ஏர்கோன் ஓடும், என்ஜின் நின்றால் ஏர்கோன் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு ஒரு குடும்பத்தையே காப்பாற்றினேன். பிறகு நம் குளுவாங் பட்டறைக்கு மின்சாரக் கார்கள் வந்தன. முதல் வாரத்திலேயே, பூட்டிய காருக்குள் யாரும் இல்லாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வண்டியில் ஏர்கோன் கம்ப்ரசர் தானாக உறுமக் கேட்டேன். வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். கோயிலில்கூட நான் அவ்வளவு பக்தியாகச் சுற்றியதில்லை. யாருக்காக ஓடுகிறது என்று கேட்டதற்கு, "பேட்டரிக்காக. அதுக்கும் வேர்க்கும்ணே" என்று பதில் வந்தது.

பதில் சொன்னவர் அக்கா. அவர் பெயரை எழுதக் கூடாது என்பது அவரே போட்ட நிபந்தனை. என்னைவிடப் பதினோரு வயது இளையவர். பட்டறையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே பழகிவிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். வெளியாட்கள் எங்கள் குடும்ப மரத்தை வரைய முயன்று தலையைச் சொறிவார்கள். இரண்டு பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கோலாலம்பூரில் மூன்று மாதம் தங்கிப் படித்து, உயர் மின்னழுத்த வேலைக்கான சான்றிதழை வாங்கி வந்தவர். நம் பட்டறையில் அதை வாங்கிய முதல் ஆள். எனக்கு இந்த வண்டிகளைக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். ஆரஞ்சு நிற வயரைத் தொடக் கூடாது என்பது அவருடைய முதல் பாடம். நான் தொட்டதே இல்லை. நான் தொட்டது தண்ணீர்க் குழாயை.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டறையில் எது கெட்டாலும் "நான்தான்" என்று கையைத் தூக்குவது என் வழக்கம். கரண்ட் போனால் நான்தான். பாஸின் கோப்பை உடைந்தால் நான்தான். ஒரு வருடம் ஊரில் வெள்ளம் வந்தபோதும், குழாயை மூட மறந்தது நான்தான் என்றேன். எல்லோரும் சிரிப்பார்கள். இதையும் மனதில் வையுங்கள்.

ஏப்ரல் மாதம் ஒரு டீச்சர் வந்தார். வீடு குளுவாங்கில், பள்ளிக்கூடம் மெர்சிங்கில். தினமும் போய் வருகிறவர். காரில் முன் பக்கம் பயணி கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரமாக இருக்கிறது என்றார். பார்த்தேன். டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் பெட்டி ஒழுகுகிறது. சுடுதண்ணீர் அந்தப் பெட்டிக்குள் ஓட, அதன் வழியாக ஊதும் காற்று சூடாகி உள்ளே வரும். குளிர் நாட்டுக்காரர்களுக்கான ஏற்பாடு. புதுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். டீச்சருக்கோ மறுநாள் காலை மெர்சிங்கில் பரீட்சை மேற்பார்வை. அன்று அக்கா லீவு.

இந்த நோய்க்கு நம் ஊர் ஏர்கோன்காரர்களிடம் ஒரு மருந்து உண்டு. ஹீட்டருக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் கழற்றி, வெளியிலேயே ஒன்றோடொன்றை வளைத்து இணைத்துவிடுவோம். தண்ணீர் பெட்டிக்குள் போகாமல் வாசலோடு திரும்பிவிடும். யூ குழாய் என்போம். பெட்ரோல் கார்களுக்கு நான் போட்ட யூ குழாய்களை நீட்டி வைத்தால் பொந்தியான் வரைக்கும் போகும். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் ஒருத்தர்கூட ஹீட்டர் எங்கே என்று திரும்பி வந்து கேட்டதில்லை. ஜொகூரில் ஹீட்டர் எதற்கு? முப்பது வருடமாக நான் சொல்லிச் சிரிக்க வைத்த ஜோக் இது.

டீச்சரின் காருக்கும் யூ போட்டேன். என் வழக்கப்படி நீல நிற டேப் சுற்றி, மேலே ஃபோம் உறையையும் மாட்டி, பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தினேன். தொழிற்சாலையிலிருந்து வந்தது மாதிரி அவ்வளவு சுத்தம். தற்காலிக வேலைதானே, டீச்சருக்கு ஓர் உபகாரம்தானே என்று, வேலையைப் பதிந்து வைக்கும் ஜாப் கார்டு எழுதவில்லை. கார்டு இல்லாததால் புதுப் பெட்டிக்கு யாரும் ஆர்டர் கொடுக்கவும் இல்லை. கார்பெட் காய்ந்தது. நான் மறந்தேன்.

டிசம்பரில், கிழக்குக் கரையில் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், டீச்சர் மறுபடி வந்தார். கவுண்டரில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"மழ பெய்யும்போது ஒன்னும் இல்லங்க. மழ விட்டதும்தான் கண்ணாடி வெள்ளையா ஆயிடுது. சைடு கண்ணாடியும் சேர்ந்து."

"மழ விட்டா வெளிச்சம்தானே டீச்சர் வரும்?"

"எனக்குப் பனி வருதுங்க. கண்ணாடிக்குக் காத்து அடிக்கிற சுவிட்ச போட்டா இன்னும் மோசம். துணிய வச்சு உள்ள தொடச்சிப் பாத்துட்டேன். போகவே மாட்டுது."

எனக்குத் தலை சுற்றியது. பனியைப் போக்குவதற்கென்றே இருக்கிற சுவிட்ச் பனியைக் கொண்டுவருகிறதாம். மழையில் தெளிவாம், மழை விட்டால் மங்கலாம். டீச்சர் இன்னொன்றும் சொன்னார்.

"உள்ள ரொம்பக் குளுருதுங்க. இருபத்தெட்டுல வச்சாலும் ஸ்வெட்டர் போட்டுத்தான் ஓட்டுறேன்."

"ஜொகூர்ல குளுருதுன்னா நீங்க குடுத்து வச்சவங்க டீச்சர். எங்க ஏர்கோன் வேல அப்படி."

மரியாதைக்குச் சிரித்தார். முழு விடையையும் அந்த ஸ்வெட்டரோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்திருந்தார். நான் அதற்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினேன்.

வேலை அக்காவிடம் போனது. முதல் முறை காற்று வடிகட்டியை மாற்றினார். டீச்சர் இரண்டு நாளில் திரும்பி வந்தார். ஈரத்தை அளக்கும் சென்சாரை மாற்றினார். அடுத்த வாரமும் வந்தார். காற்றைத் திசை திருப்பும் மோட்டாரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கழுவுமிடத்தில் நிறுத்தி மழை மாதிரித் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. ஸ்கேனரைச் சொருகினால் ஒரு கோளாறும் இல்லை என்றது. அக்கா மூன்று கார்டிலும் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று, வண்டிக்கு டீச்சரைப் பிடிக்கவில்லை, அதான் முகத்தை மூடிக்கொள்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மூன்றாவது கார்டு எழுதிய நான்காம் நாள், பள்ளி முடிந்து திரும்பும் வழியில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் சந்திப்பில் டீச்சர் வலது பக்கம் திரும்பியிருக்கிறார். அப்போதுதான் மழை விட்டிருந்தது. முன் கண்ணாடியை வைப்பர் போட்டு ஒருவாறு துடைத்துக்கொண்டார். பக்கக் கண்ணாடிக்கு வைப்பர் ஏது? அந்தப் பக்கம் வந்த மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் படவே இல்லை. மோட்டார்க்காரர் வளைத்துப் புல்லில் இறங்கி விழுந்தார். முழங்கை தோல் உரிந்தது, வண்டியின் முன் சக்கரம் வளைந்தது. அதோடு போனது.

டீச்சர் காரை எங்களிடம் விட்டுவிட்டு, இனிமேல் பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

அன்று மாலை பாஸ் எங்களைக் கூப்பிட்டார். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னதை என் தமிழில் தருகிறேன். வெள்ளிக்கிழமை கார் நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார். ஒரே புகார், மூன்று கார்டு, மூன்றிலும் ஒரே கையெழுத்து. ஒரு மனிதர் கீழே விழுந்திருக்கிறார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் அக்காவின் சான்றிதழை நிறுத்தி வைப்பார்கள், அவர் மின்சார வண்டியைத் தொட முடியாது. சொல்லிவிட்டு பாஸ் அக்காவைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான்தான் பாஸ்," என்றேன், பழக்க தோஷத்தில்.

"டியாம் லா," என்றார் அவர். வாயை மூடு என்று அர்த்தம்.

வியாழக்கிழமை மதியம் வானம் கறுத்தது. கழுவுமிடத்து மழையை நம்பி ஏமாந்தது போதும், நிஜ மழையில் ஓட்டிப் பார்ப்போம் என்று அக்கா சாவியை எடுத்தார். துணியோடு நான் பக்கத்தில் ஏறினேன். மெர்சிங் சாலையில் கஹாங் வரைக்கும் கொட்டு கொட்டென்று கொட்டியது. கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் சுவிட்சைப் போட்டே ஓட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. கஹாங்கை நெருங்கும்போது மழை சட்டென்று விட்டது. தார்ச் சாலையிலிருந்து ஆவி எழும்பியது. வைப்பர் தானாக நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து உள்நோக்கி, பால் ஊற்றியது போல் கண்ணாடி வெளுத்தது.

"தொடைங்கண்ணே."

துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். துணியைப் பார்த்தேன்.

"அக்கா, துணியில ஈரமே இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க? கண்ணாடி பூரா தண்ணி."

"தண்ணி இருக்கு. துணிக்கு வர மாட்டுது."

அவர் வைப்பரை ஒரு முறை போட்டார். முன்னால் பளிச்சென்று சாலை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வெளுத்தது. பக்கக் கண்ணாடிகள் வெளுத்தபடியே இருந்தன. ஓரத்துக் கடையில் நிறுத்தினார். தனக்குச் சூடாகத் தேநீரும் எனக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீரும் வாங்கி வந்தார். நான் பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் கால்சட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"பை ஒழுகுதுக்கா."

"ஒழுகல. வேர்க்குது." அக்கா பையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "சில்லுனு இருக்கு. அண்ணே, பனி உள்ள இல்ல. வெளிய. கண்ணாடி இந்தப் பை மாதிரி ஆயிடுச்சு. அதான் உள்ள தொடச்சா போகல. மழயில வைப்பர் ஓடிக்கிட்டே இருக்கும், தெரியாது. நின்னதும் தெரியுது."

எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்களில் ஒன்று புரிந்த சந்தோஷத்தில் தலையை ஆட்டினேன். அக்கா நிறுத்தவில்லை. வெப்பத்தை இருபத்தெட்டுக்குக் கூட்டினார். காற்று வரும் இடத்தில் கையை வைத்தார்.

"இந்த சுவிட்ச போட்டா காத்த மொதல்ல குளுர வச்சு ஈரத்த எடுக்கும். அப்பறம் ஹீட்டர் அதைக் கொஞ்சம் சூடாக்கி அனுப்பணும். இது ஐஸ் மாதிரியே வருது. ஹீட்டர் வேல செய்யலயா?"

"ஜொகூர்ல ஹீட்டர் எதுக்குக்கா? நான் எத்தன வண்டிக்கு யூ..."

வாக்கியம் அங்கேயே நின்றது. முப்பது வருடத்தில் அந்த ஜோக்கை நான் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. நல்லவேளையோ கெட்டவேளையோ, அக்கா ஸ்கேனரைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"ஹீட்டர் வேல செய்யுதே. தண்ணி அறுபது டிகிரி காட்டுது," என்றார். "தண்ணி சூடு, காத்து குளுரு. அப்ப தண்ணி எங்கண்ணே போகுது?"

எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஃபோம் உறைக்குள், நீல டேப்புக்குள், வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் சூடாகத்தான் இருந்தது, சுற்றிக்கொண்டும் இருந்தது. அதனால் கம்ப்யூட்டர் திருப்தியாக இருந்தது. என்னைப் போலவே.

நான் தேநீரை உறிஞ்சினேன். பை காலியான பிறகும் உறிஞ்சினேன்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். கஹாங்கிலிருந்து குளுவாங்குக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக் காலையில் முதல் ஆளாகப் போய் யூவைக் கழற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பெட்டி மறுபடி ஒழுகும், ஒழுகலைக் கண்டுபிடித்ததாக அக்காவுக்கே பெயர் வரும் என்று ஒரு நல்ல முடிவையும் ஜோடித்துக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து ஓய்வுபெறப் போகிறவன், மரியாதையோடு போகலாமே என்றும் தோன்றியது. இதையெல்லாம் மறைக்க வழி முழுவதும் ஜோக் அடித்தேன். வழக்கத்தைவிட அதிகமாக. காரணம் நெருங்கிவிட்ட நிம்மதியில் அக்காவும் அன்று சிரித்தார்.

"நாளைக்குக் காலையில டேஷ்போர்ட முழுசா கழட்டுறேன்," என்றார் இறங்கும்போது. "அதுக்குள்ளதான் என்னமோ இருக்கு."

அதற்குள் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு லாயாங் லாயாங்கில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில் என் மோட்டாரின் விளக்கைப் போட மறந்திருந்ததைக் கோயில் பக்கம் வந்துதான் கவனித்தேன்.

மறுநாள் பட்டறை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனேன். அக்கா அதற்கும் முன்பே வந்திருந்தார். டேஷ்போர்டு பாதி கழன்று கிடந்தது. கண்கள் சிவந்திருந்தன. திருகுகளை வரிசையாகக் காகிதத்தில் ஒட்டி எண் போட்டிருந்தார். நிறுவனத்து ஆள் வரும்போது அவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் நிற்பார். சான்றிதழைப் பறிக்க அந்தக் காட்சியே போதும்.

"அக்கா, நிறுத்துங்க. நான்தான்."

"இன்னைக்கு வேணாம்ணே. ஜோக்குக்கு நேரம் இல்ல."

"நெஜமா நான்தான்கா."

"தெரியும்ணே. வெள்ளமும் நீங்கதான். அந்த டார்ச்ச எடுங்க."

டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் வீரம். அதற்குள் பாஸ் வந்தார், நிறுவனத்து ஆள் வந்தார், டீச்சரும் வந்தார். அவர்கள் முன்னால் மறுபடி சொன்னேன். பாஸ் சிரித்தார். என்னைப் பற்றி நிறுவனத்து ஆளுக்கு விளக்கினார். அவரும் சிரித்தார். அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தி, "என்னக் காப்பாத்துறதுக்குக் கத கட்டாதீங்கண்ணே, அது இன்னும் கேவலம்," என்று மெதுவாகச் சொன்னார். உண்மையைச் சொல்லி நம்ப வைக்க முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. முப்பது வருடம் நானே பாடுபட்டுச் சேர்த்த நிலைமை.

பிறகு வாயை மூடிக்கொண்டு முன் மூடியைத் திறந்தேன். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். ஃபோமை உரித்தேன். நீல டேப் வெளியே வந்தது. அந்தப் பட்டறையில் நீல டேப் சுற்றுகிறவன் ஒருத்தன்தான். அது பாஸுக்கும் தெரியும்.

யாரும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு கார்பெட் ஈரம்னு வந்தேனே," என்றார் டீச்சர். "சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க." நீல டேப்பைப் பார்த்து, "குளுருதுன்னு வேற உங்ககிட்டத்தான் சொன்னேன்," என்றார்.

அக்கா குனிந்து யூ குழாயின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். நான் எதிர்பார்த்த கேள்வி, ஏன் போட்டீர்கள் என்பது. அவர் கேட்டது வேறு.

"எப்ப தெரிஞ்சிச்சு?"

"நேத்து. கஹாங்ல."

"தேத்தண்ணி குடிக்கும்போதா?"

"ஆமாக்கா."

"வழி பூரா சிரிக்க வச்சிக்கிட்டே வந்தீங்களே."

திருகுகள் ஒட்டிய காகிதத்தை எடுத்துக்கொண்டு, டேஷ்போர்டை மறுபடி பூட்டப் போய்விட்டார்.

நிறுவனத்து ஆள், பதிவில் இல்லாத மாற்றமே காரணம் என்று எழுதினார். அக்காவின் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்டில் அக்காவின் கையெழுத்து விழாமல் நான் எந்த வண்டியின் மூடியையும் திறக்கக் கூடாது என்று பாஸ் உத்தரவு போட்டார். ஓய்வுபெறும் நாள் வரைக்கும் அப்படித்தான் வேலை செய்தேன். மோட்டார்க்காரர் வீட்டுக்குப் பாஸோடு நானும் போனேன். முழங்கையைக் காட்டினார். அங்கே எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

அக்கா என்னோடு பேசினார். வேலைக்குத் தேவையான அளவு. அண்ணே என்ற சொல் மட்டும் காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக மிஸ்டர் வந்தது. "மிஸ்டர், அந்த ஸ்பானர்." "மிஸ்டர், கார்டு எங்க?" அந்த மிஸ்டரை எங்கே மாட்டி வைப்பது என்று தெரியாமல் அலைந்தேன். நான் அக்கா என்று கூப்பிடலாமா கூடாதா என்பதும் புரியவில்லை. பல நாள் அவரைக் கூப்பிடாமல், பக்கத்தில் போய் நின்று இருமினேன்.

மூன்று வாரம் கழித்துப் புது ஹீட்டர் பெட்டி வந்தது. அக்கா மாட்டினார், நான் டார்ச் பிடித்தேன். யூவை வெட்டி எடுத்தோம். அன்றும் மழை. துணியை என் மடியில் போட்டு அதே சாலையில் அவரே ஓட்டினார். கஹாங் பக்கத்தில் மழை விட்டது. சாலையிலிருந்து ஆவி எழும்பியது. வைப்பர் நின்றது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியையே பார்த்தோம். செம்பனை ஓலையில் தொங்கிய தண்ணீர்கூடத் தெரிந்தது. பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒரு மோட்டார் எங்களை முந்திப் போனது. தலைக்கவசத்தின் நிறம்கூடச் சொல்லும் அளவுக்குத் தெளிவு. காற்று வெதுவெதுப்பாக வந்தது. ஜொகூரில் ஹீட்டர் எதற்கு என்று அந்தக் காற்று என் முகத்தில் அடித்துச் சொன்னது.

அதே கடையில் நிறுத்தினார். தேநீர் வாங்கவில்லை. பின் இருக்கையிலிருந்து ஒரு வெற்று ஜாப் கார்டையும் பேனாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏப்ரல் மாச வேலைக்கு. எழுதுங்க."

"தேதி?"

"இன்னைக்குத் தேதி. எழுதுனது இன்னைக்குத்தானே."

முழங்காலில் வைத்து எழுதினேன். ஹீட்டர் பெட்டியில் ஒழுகல். தற்காலிகமாகக் குழாய்களை இணைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகும் ஒரு நாள் சொல்லவில்லை. நான்கு வரி. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பரீட்சைத் தாளைத் திருத்துவது போல, உதடு அசைய மெதுவாகப் படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"தற்காலிகமான்னு போட்டிருக்கீங்க," என்றார். "எட்டு மாசம்ணே."

பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தேன்.